பந்தைப் பார்க்காத டீச்சர்

எங்கள் கல்லூரி பாஸ்கெட்பால் அணிக்கு மேனேஜராக வந்த டீச்சர், எங்கள் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. வராமல் இருந்துவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லா ஆட்டத்துக்கும் எங்களுக்கு முன்னால் வந்து நிற்பார். விசில் ஊதியதும் பெஞ்சில் கோர்ட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்வார். எதிரே கேலரி. அங்கே கூச்சல் போடும் கூட்டத்தையே ஆட்டம் முடிகிறவரை பார்த்துக்கொண்டிருப்பார். மடியில் கைப்பை, கைப்பையின் மேல் இரண்டு கையும்.

பெஞ்சில் அவருக்குப் பக்கத்து இடம் எனக்கு. அந்த அணியில் நான் கடைசி ஆள். உயரமாக இருக்கிறாளே என்று எடுத்தார்கள். உயரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆகவே எனக்கு ஒரே வேலைதான். டீச்சரின் முதுகுக்குப் பின்னால் நடப்பதை டீச்சருக்குச் சொல்வது.

"என்னடீ ஆறது?" என்பார், தலையைத் திருப்பாமல்.

அதிலும் ஒரு சட்டம் வைத்திருந்தார். நாங்கள் முன்னால் இருந்தால் சொல்லலாம். பின்னால் இருந்தால் சொல்லக் கூடாது, அதைக் காதால் கேட்க அவருக்குத் தெம்பு கிடையாது. ஆக, நான் வாயைத் திறக்கவில்லை என்றால் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். எதற்கு இந்தச் சுற்றுவழி, நான் பேசாமல் இருந்தாலும்தான் விஷயம் தெரிந்துவிடுகிறதே என்று ஒரு நாள் கேட்டேன். "தெரியறது வேற, கேக்கறது வேறடீ" என்றார். நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும், கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்க ஆரம்பித்துவிடுவார். அந்த வார் எத்தனை முறை அறுந்து தைக்கப்பட்டது என்று சாலைத் தெருவில் பை தைக்கிறவருக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில். டீச்சருக்குக் கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருவில் வீடு. கல்லூரியில் தாவரவியல் நடத்துவார். பாஸ்கெட்பாலுக்கும் அவருக்கும் எந்த ஜென்மத்திலும் சம்பந்தம் இல்லை. எங்கள் கோச் ஆண். பெண்பிள்ளைகள் வெளியே ஆடப் போனால் ஒரு டீச்சர் கூடப் போயாக வேண்டும் என்பது கல்லூரியின் கண்டிப்பு. அந்த வருஷம் ஒருவருக்கு மாமியாருக்கு உடம்பு சரியில்லை, இன்னொருவருக்குப் பிள்ளைக்குப் பரீட்சை. இவருக்குச் சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தாலும் பிரின்சிபால் அறைக்குள் போய்ச் சொல்லப் பயம். பயத்தினாலேயே ஒரு விளையாட்டு அணிக்கு மேனேஜர் ஆனவர் வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை.

பயம் என்றால் கொஞ்சநஞ்சப் பயம் இல்லை. கொல்லத்துக்கு ஆடப் போகும்போது பஸ் டிரைவர் முன்னால் போகும் லாரியை முந்தினால், எங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு "நாராயணா" போடுவார். ஹோட்டலில் சாம்பாரை முதலில் தான் நாக்கில் வைத்துப் பார்த்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிச்சயமான பிறகுதான் எங்களைச் சாப்பிட விடுவார். அதற்குள் தோசை காய்ந்துபோய்விடும். கைப்பைக்குள் குளுக்கோஸ், தைலம், பஞ்சு, ஊக்கு, எலுமிச்சம்பழம், எல்லாம் இருக்கும். அதில் ஏதாவது ஒன்று தேவைப்பட்டுவிடுமோ என்றும் பயம்.

நான் நாஞ்சில் நாட்டுக்காரி. அப்பாவுக்குப் பழவங்காடியில் பாத்திரக் கடை. எங்கள் வீட்டில் யாருக்கும் எதற்கும் பயம் கிடையாது, எல்லோருக்கும் குரல்தான் பெரிது. அதனால் எனக்கு இந்த டீச்சர் ஒரு அதிசயம். எதுக்கு டீச்சர் இப்படிப் பயப்படுதீங்க என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "பயத்துக்குக் காரணம் வேணுமா என்ன? அது பாட்டுக்கு வரது" என்றார்.

நடந்து போகும்போதும் கடைசி ஆளாகத்தான் வருவார். தான் முன்னால் போனால் பின்னால் யார் தவறிப்போனார்கள் என்று தெரியாதாம். அதனால் எங்கள் முகத்தைக் காட்டிலும் முதுகும் காலும்தான் அவருக்கு நன்றாகத் தெரியும். யார் செருப்பு உள்பக்கம் தேய்கிறது, யார் குதிகாலை இழுத்து நடக்கிறாள் எல்லாம் அத்துப்படி. ஒரு தடவை ஸ்டேஷனில் பிளாட்பாரத்து மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது. "அது நம்ம செல்வியோல்லியோ" என்றார். எட்டிப் பார்த்தோம். எங்கள் அணியின் செல்வியேதான்.

ஆட்டத்தன்று காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார். அங்கே தேங்காயை ஓங்கி எறிந்துதான் உடைக்க வேண்டும். ஊரே செய்கிற காரியம், அதிலென்ன இருக்கிறது. டீச்சரோ சில்லு தெறித்துக் கண்ணில் பட்டுவிடும் என்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு எறிவார். அவர் கையில் தேங்காயைக் கண்டாலே பக்கத்தில் நிற்கிறவர்கள் தள்ளிப்போய் நின்றுகொள்வார்கள். எங்கள் கடையிலிருந்து கோயில் கூப்பிடு தூரம். அப்பா ஒருமுறை வந்து நின்று பார்த்துவிட்டு என்னிடம், "உங்க டீச்சரம்மா பிள்ளையாரையே பதம் பாத்துரப் போறாவ மக்ளே, கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றார்.

இனி செல்வியைச் சொல்ல வேண்டும். எங்கள் அணி என்றால் செல்விதான், நாங்கள் மற்றவர்கள் அவளுக்குப் பந்து எடுத்துக் கொடுக்க இருந்தோம். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் முன்னோர் திருநெல்வேலிப் பக்கமிருந்து கொழுந்து பறிக்க மலையேறியவர்கள். எங்கள் காலத்தில் அந்தத் தோட்டம் படுத்துவிட்டது. பாக்டரி ஓடவில்லை, வேலை இல்லை. அப்பா இல்லாத வீடு. அம்மா கீழே வித்துராவில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, கடைசி பஸ் பிடித்துத் திரும்ப மலைக்குப் போவார். மழைக்காலத்தில் அந்த பஸ்சும் வராது. செல்வி விளையாட்டுச் சலுகையில் சீட் கிடைத்து ஹாஸ்டலில் இருந்தாள். அது கடைசி வருஷம். படிப்பு முடிந்தால் ஹாஸ்டலும் முடிந்தது, திரும்பிப் போக அந்த லயம்தான்.

அந்த நேரத்தில்தான் கோச் சார் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஒரு அரசு நிறுவனத்தில் பெண்கள் அணி தொடங்கப் போகிறார்கள், ஆடுகிறவர்களுக்கு நிரந்தர வேலை, பல்கலைக்கழக சாம்பியன்ஷிப் பைனலுக்கு ஆள் பார்க்க வருகிறார்கள். எல்லோரும் செல்வியைத்தான் பார்த்தோம். அவள் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, "அது கெடச்சா அம்மாவ எறக்கிக் கொண்டாந்து ஒரு வாடக வீடு எடுத்துருவேன்" என்றாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. டீச்சர் அன்றிலிருந்து இரட்டைப் பயத்தில் இருந்தார்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். பாஸ்கெட்பாலில் ஆள் மாற்ற வேண்டுமென்றால், உள்ளே போக வேண்டியவள்தான் ஸ்கோர் எழுதுகிற மேசைக்குப் போய், யாருக்குப் பதில் என்று சொல்லி, இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் குறுக்காக வைத்துக் காட்ட வேண்டும். அடுத்து பந்து நின்றதும் ஹாரன் அடிப்பார்கள். உள்ளே போகலாம். மூன்று வருஷத்தில் நான் ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. ஆனால் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று இந்தக் கை வைக்கிறதை மட்டும் அபாரமாகப் பழகி வைத்திருந்தேன். பெஞ்சில் பொழுது போகாமல் ஒரு நாள் டீச்சருக்கும் செய்து காட்டினேன். கோச் வந்து சொல்ல வேண்டாமா, மேசையில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்களா என்று விசாரித்தார். வேண்டாம், கேட்க மாட்டார்கள் என்றேன். "நல்ல ஏற்பாடு" என்று சொல்லிவிட்டுக் கேலரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

செமி பைனலில் ஜெயித்தோம். அதில் ரிங்கில் பட்டுத் திரும்பிய ஒரு பந்துக்கு எழும்பி இறங்கின செல்வி, கீழே நின்றவள் பாதத்தின் மேல் காலை வைத்துச் சாய்ந்தாள். உடனே எழுந்து ஓடினாள், பந்தும் மறுபக்கம் போய்விட்டது. எங்கள் எல்லோர் கண்ணும் பந்தோடு போய்விட்டது. டீச்சரிடம் நான் அதைச் சொல்லக்கூட இல்லை. முன்னால் இருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன்.

ஆட்டம் முடிந்து ஸ்டேடியத்துப் படியில் பாட்டும் கும்மாளமுமாக இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து யாரோ என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்கள். டீச்சர்.

"செல்வி எறங்கறதைப் பாரு" என்றார் மெதுவாக.

பார்த்தேன். எல்லோரையும் போலச் சிரித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் ஒவ்வொரு படியிலும் இடது காலை வைத்து, வலது காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து சேர்த்து, அப்புறம்தான் அடுத்த படிக்குப் போனாள்.

கோச் சாரும் மற்றவர்களும் ஹாஸ்டல் பக்கம் போக, நாங்கள் மூன்று பேரும் ஆட்டோ பிடித்து எங்கள் கடைக்கு வந்தோம். கடைக்குப் பின்னால் அண்டாவும் குத்துவிளக்குமாக அடுக்கி வைத்திருக்கிற அறை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு அண்டாவின் மேல் செல்வியை உட்கார வைத்து டீச்சர் தரையில் உட்கார்ந்தார். இடது கால் ஷூவைக் கழற்றிச் சாக்ஸை உருட்டி இறக்கினார். கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் கணுக்கால் இல்லை, எல்லாம் ஒன்றாக வீங்கியிருந்தது. அப்பா பக்கத்து ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முன்னால் போய்விட்டார்.

டீச்சர் அழுதுவிடுவார் போல இருந்தது. டாக்டர், எக்ஸ்ரே, கோச், பிரின்சிபால் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார்கிட்ட சொல்லிராதீங்க டீச்சர். நாளைக்கு அவங்க வாறாங்க. என்னைய வெளிய உக்கார வச்சா அவங்க யாரப் பாப்பாங்க?"

"கால் போயிடுத்துன்னா? அப்பறம் எந்த வேலைக்குடீ ஓடுவே?"

"இப்ப ஓடலைன்னா எனக்கு வேலையே இல்லயே டீச்சர்."

ஐஸை வைத்து வைத்து எடுத்தார். கைப்பைக்குள்ளிருந்து பட்டைத் துணியை எடுத்துக் கட்டினார். கட்டு இரண்டு முறை அவிழ்ந்தது. கட்டி முடித்து ஊக்குக் குத்தினதும் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு இன்றைக்கும் அந்த முகம் நினைவிருக்கிறது. பரீட்சை எழுதப் போகிற பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

"அவா பாக்கற வரைக்கும் ஆடு. நான் அவாளைத்தான் பாத்துண்டு இருப்பேன். அவா எழுந்து போனா உன்னை வெளியில எடுத்துடுவேன். அதுக்கு ஒத்துண்டா நான் யார்ட்டயும் சொல்லலை."

செல்வி சரி என்று உடனே தலையாட்டினாள். விசில் சத்தத்துக்கே தூக்கிப்போடுகிற இந்த டீச்சராவது, பைனலில் தன்னை வெளியே எடுப்பதாவது என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பைனலன்று காலை டீச்சர் எறிந்த தேங்காய் உடையவில்லை. உருண்டு ஓரமாகப் போய் நின்றது. கண்ணை மூடியிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை, நான்தான் சொல்ல வேண்டி வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி எறிந்தார், உடைந்தது. ஆனால் இரண்டாவது தடவை எறிந்தால் செல்லுமா செல்லாதா என்று சாயங்காலம் வரைக்கும் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பிள்ளையாரா? செல்லும் என்று சொல்லிவைத்தேன்.

எதிர் அணி ஆலப்புழைக்காரிகள். தண்ணீரில் பிறந்து பாஸ்கெட்பால் கோர்ட்டில் வளர்ந்தவர்கள் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். கேலரி நிறைந்திருந்தது. ஆள் எடுக்க வந்தவர்கள் எங்கள் பெஞ்சுக்கு நேர் பின்னால், கேலரியின் மூன்றாம் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு வழுக்கைத் தலைக்காரர், கையில் பைல். பக்கத்தில் நல்ல உயரமாக ஒரு பெண்மணி, ஒரு காலத்தில் ஆடினவர் என்று உட்கார்ந்திருக்கிற விதத்திலேயே தெரிந்தது. ஸ்டேடியத்திலேயே அவர்களை நேருக்கு நேர் பார்த்து உட்கார்ந்திருந்தது எங்கள் டீச்சர் ஒருத்தர்தான்.

அன்றைக்கு முதல் தடவையாக எங்கள் இருவருக்கும் வேலை இருந்தது. நான் கோர்ட்டைப் பார்த்து அவருக்குச் சொன்னேன். அவர் கேலரியைப் பார்த்து எனக்குச் சொன்னார்.

"முன்னால இருக்கோம் டீச்சர். செல்வி போட்டா."

"அந்த மாமி பாக்கறா. அவர் எழுதறார்."

"இன்னொண்ணும் போட்டா."

"ரெண்டு பேரும் பேசிக்கறா. தலையை ஆட்டறா. நல்ல ஆட்டல்தான்னு தோணறது."

இடைவேளைக்கு முன்னால் நாங்கள் முன்னால் இருந்தோம். இடைவேளையில் டீச்சர் செல்வியின் காலடியில் உட்கார்ந்து நாடா கட்டுகிற மாதிரி கட்டைத் தொட்டுப் பார்த்தார். ஷூவுக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. கோச் சார் பலகையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. செல்வியின் முகத்து வேர்வை ஓடினதால் வந்த வேர்வை இல்லை. உதட்டுக்கு மேல் பொட்டுப் பொட்டாக நின்றது.

இரண்டாம் பாதியில் நான் மெல்ல மெல்லப் பேச்சை நிறுத்திவிட்டேன். ஆலப்புழைக்காரிகள் ஒவ்வொன்றாகப் பிடித்து ஏறி ஒரு பாயிண்ட் முன்னால் போய்விட்டார்கள். செல்வி வலது காலிலேயே எழும்பி, வலது காலிலேயே இறங்கிக்கொண்டிருந்தாள். டீச்சரின் கைப்பை வார் முறுக்கி முறுக்கிக் கயிறாகிவிட்டது. கடைசி இரண்டு நிமிஷம் இருக்கும். டீச்சர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எழுந்துட்டா."

திரும்பிப் பார்த்தேன். வழுக்கைத் தலைக்காரர் பைலை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு படியில் இறங்கினார். உயரமான பெண்மணியும் பின்னால் போனார். இருவரும் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்கள். அந்த இடத்தில் இரண்டு காலி நாற்காலி இருந்தது.

டீச்சர் எழுந்து கோச் சாரிடம் போனார். செல்விக்குக் கால் சரியில்லை, வெளியே எடுத்துவிடுங்கள் என்று சொல்கிறார் என்பது எனக்குக் கேட்டது. கோச் சார் கோர்ட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "டீச்சர் அவிடெ போய் இரிக்கு. இது பைனலா" என்றார், அங்கே போய் உட்காருங்கள், இது பைனல் என்று. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பல வருஷமாக அந்தக் கோப்பைக்கு அருகில் வந்து வந்து தோற்றவர் அவர்.

டீச்சர் திரும்பி வந்தார். உட்காரப் போகிறார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து எழுப்பி, ஸ்கோர் மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது.

"அதைச் செய்டீ" என்றார்.

"டீச்சர், நான் போனா தோத்துருவோம்."

"தோக்கட்டும். கையை வை."

வைத்தேன். கண்ணாடி முன்னால் எத்தனை அழகாக வருமோ அத்தனை அழகாக வந்தது, அதுதான் வேடிக்கை. பந்து வெளியே போனது, ஹாரன் அடித்தது. கோச் சார் துள்ளி எழுந்து கத்தினார். செல்வி முதலில் புரியாமல் என்னைப் பார்த்தாள். அப்புறம் டீச்சரைப் பார்த்தாள். அப்புறம் கேலரியில் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தாள். அதுவரை மறைத்து வைத்திருந்த நொண்டலை இனி மறைக்க வேண்டாம் என்று விட்டுவிட்ட மாதிரி, காலை இழுத்து இழுத்து வெளியே வந்தாள். கேலரி அப்போதுதான் அவள் காலைப் பார்த்து அமைதியானது.

என் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தடவை பந்து கைக்கு வந்தது. சூடு பட்ட மாதிரி அடுத்தவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் போட்டது ரிங்கைச் சுற்றி வெளியே விழுந்தது. ஒரே ஒரு பாயிண்டில் தோற்றோம்.

எல்லோர் முன்னாலும் கோச் சார் டீச்சரைச் சத்தம் போட்டார். பேடித்தொண்டி என்று மலையாளத்தில் சொன்னார், பயந்தாங்கொள்ளி என்று அர்த்தம். இந்த மாதிரி ஆளை எந்த அணியோடும் இனி அனுப்பக் கூடாது என்று பிரின்சிபாலிடம் சொல்லப் போவதாகச் சொன்னார். டீச்சர் நடுங்கிக்கொண்டுதான் நின்றார். ஆனால் நகரவில்லை.

"பயப்படறதுக்குத்தானே என்னை அனுப்பியிருக்கா. உங்க வேலையை நீங்க பண்ணினேள், என் வேலையை நான் பண்ணினேன்" என்றார்.

இதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரிசு கொடுக்கும்போது மேடைப் பக்கம் பார்த்தால், முக்கிய விருந்தினருக்குப் பின்னால் அந்த வழுக்கைத் தலைக்காரரும் உயரமான பெண்மணியும் நிற்கிறார்கள். அவர்கள் கிளம்பிப் போகவே இல்லை. பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதரின் கார் வந்ததும் வாசலில் போய் வரவேற்க எழுந்து போயிருக்கிறார்கள். நம் ஊர் வழக்கம்தானே, பெரிய ஆள் வந்தால் பைனலாவது ஒன்றாவது. கையோடு திரும்பியும் வந்திருக்கிறார்கள். வந்து பார்த்தபோது செல்வி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

டீச்சர் முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தமும் வடிந்தது. "போயாச்சுன்னு நினைச்சேனேடீ" என்றார். செல்வி தலையிலிருந்த துண்டை எடுத்து மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் டீச்சருக்கு எப்படிக் கழிந்தன என்று எனக்குத் தெரியும், என் பொழுதும் அவரோடுதான் கழிந்தது. கால் எலும்பு முறியவில்லை, நரம்புதான் விலகியிருக்கிறது, அசையாமல் வைத்திருந்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது ஒன்றுதான் ஆறுதல். தினமும் மத்தியானம் ஹாஸ்டல் வாசலில் வந்து நிற்பார். தபால் வந்ததா என்று செல்வியைக் கேட்கத் தைரியம் இல்லாமல் என்னைப் போய்க் கேட்கச் சொல்வார். வகுப்பில் இலையின் பாகங்களை நடத்திக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே தபால்காரர் சைக்கிளைப் பார்ப்பார். "அந்தக் குழந்தையோட சோத்துல மண்ணைப் போட்டுட்டேனோ" என்று ஒரு நாள் எங்கள் கடையில் வைத்து அப்பாவிடமே கேட்டுவிட்டார். அப்பா, "இல்ல டீச்சரம்மா, அப்பிடியெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்று சொல்லி ஒரு காபி வரவழைத்துக் கொடுத்தார். அதை அவர் குடிக்கவில்லை.

ஒரு மாதம் கழிந்து அழைப்பு வந்தது. வேலைக்கு இல்லை, தேர்வுக்கு. பல கல்லூரியிலிருந்தும் பெயர் எடுத்து வைத்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, ஓட விட்டு, ஆட விட்டுப் பார்ப்பார்களாம். பைனலில் பார்த்ததோடு முடிவு செய்கிற வழக்கமே அவர்களுக்கு இல்லையாம். கால் போயிருந்தால் இந்த அழைப்பை வைத்துக்கொண்டு செல்வி என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. செல்வியே டீச்சர் வீட்டுக்கு நடந்து போய் அந்தக் காகிதத்தைக் காட்டினாள். டீச்சர் கேட்ட முதல் கேள்வி, "டாக்டர் ஓடலாம்னு சொன்னாரோ?"

அதே ஸ்டேடியம். கேலரியில் ஒரு ஈ, காக்கை இல்லை. அன்றைக்கு எதிர் அணி என்று ஒன்று கிடையாது, ஸ்கோர் கிடையாது. அப்படியும் டீச்சர் கோர்ட்டுக்கு முதுகைக் காட்டி, காலி கேலரியைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். நான் பக்கத்தில்.

"என்னடீ ஆறது?"

"செல்வி ஓடுதா டீச்சர். நல்லா ஓடுதா. முன்னால ஓடுதா."

"கால்?"

"நல்லாத்தான் இருக்கு."

அப்புறம் பந்து கொடுத்தார்கள். ஒவ்வொருத்தியாகத் தட்டிக்கொண்டு ஓடி வந்து எழும்பிப் போட வேண்டும். செல்வியின் முறை வந்தது. வலது கையால் போடுகிறவள் இடது காலை ஊன்றித்தான் எழும்ப வேண்டும். அந்த இடது காலை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பேச மறந்துவிட்டேன். நான் வாயை மூடினால் டீச்சருக்கு ஒரே அர்த்தம்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவிலேயே இல்லை.

கைப்பை கீழே விழுந்த சத்தம் கேட்டது. பார்த்தால் டீச்சர் எழுந்து கோர்ட்டைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார். கண்ணை மூடவில்லை. செல்வி இடது காலை ஓங்கி ஊன்றி எழும்பினாள், உச்சியில் ஒரு கணம் நின்றாள், இரண்டு காலிலும் சமமாக இறங்கினாள்.

"இடது கால்டீ" என்றார் டீச்சர். "நன்னா ஊன்றாளாக்கும்."

பந்து ரிங்கில் பட்டு வெளியே போய் விழுந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. கைப்பையை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு மறுபடியும் கேலரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

வேலை கிடைத்தது. செல்வி அம்மாவை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தாள். வாடகைக்கு ஒரு மாடி வீடு பார்த்து, எங்களைக் காட்டக் கூட்டிப்போனாள். படி குறுகல், கைப்பிடியும் இல்லை. வழக்கம்போல டீச்சர் கடைசி ஆள். மெல்ல ஏறு, சுவரைப் பிடிச்சுக்கோ, வழுக்கும் என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. முன்னால் போன செல்வி பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே போய் நின்று திரும்பினாள்.

"பாக்கீங்களா டீச்சர்?"

"பாத்துண்டுதான் இருக்கேன்" என்றார் டீச்சர் கீழே இருந்து. "விழுந்து தொலைக்காதே."